தோட்டத்து ரயிலுக்குப் பாயிண்ட் மோட்டார்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் என்றொரு வேலை உண்டு. தடம் பிரியும் இடத்தில், அதாவது பாயிண்டில், வண்டியை ஒரு பக்கம் திருப்பிவிடும் நாக்குத் தண்டவாளத்தைத் தள்ளிவிடுவதோடு அவர் வேலை முடிவதில்லை. தேவைப்பட்டால் கிளாம்ப் போட்டு, பூட்டும் போட்டு, தள்ளியது அசையாமல் நிற்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். தோட்டத்தில் மாதிரி ரயில் விடுகிற நம்மைப் போன்றவர்கள் அந்த நாக்கைத் தள்ளும் பாயிண்ட் மோட்டார் வாங்கும்போது தள்ளுவதை மட்டும் யோசிக்கிறோம், பிடித்து வைப்பதை மறந்துவிடுகிறோம். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் போதும், சக்கரத்தின் விளிம்பு அதில் நுழைந்து, முன் சக்கரம் ஒரு வழி, பின் சக்கரம் ஒரு வழி.

நான் சொல்வது 45 மி.மீ. தட அகலமுள்ள ஜி வகை ரயில்களைப் பற்றி. 1968-இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த வகை இது. இங்கிலாந்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஓடுவதும் அதுதான். மழை, ஈரம், எறும்பு, ஓடில்லா நத்தை எல்லாம் இலவசம்.

முதல் தவறு, மேசை ரயிலுக்கான மோட்டாரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது. நானும் செய்தேன். மேசைக்கு அடியில் பொருத்தும், மெதுவாக நகரும் மோட்டார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அருமையான சாதனம். நாக்கை ஒருபக்கம் தள்ளிவிட்டு, அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கும். 12 வோல்ட்டில் இருபது மில்லிஆம்ப் கூட இழுக்காது. மழைக்குத்தானே பயம் என்று ஒரு சாப்பாட்டு டப்பாவில் வைத்து, விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசி, காற்றுப் புகாமல் மூடினேன். அடுத்த வசந்தத்தில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து. செம்புத் தொடுமுனைகள் பச்சைப் பூத்திருந்தன. மழை ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. பகலில் சூடாகி இரவில் குளிர்கிற டப்பா, கம்பி நுழையும் ஓட்டை வழியே ஈரக் காற்றை இழுத்து, உள்ளேயே தண்ணீராக்கி வைத்திருக்கிறது. அதன்பின் எந்தப் பெட்டி வைத்தாலும் அடியில் ஒரு சிறு துளை போடுகிறேன். முழுக்க அடைத்த பெட்டியை விட, தண்ணீர் வடியும் பெட்டி மேல். பார்ப்பதற்குத்தான் தப்பு மாதிரி இருக்கும்.

வெளியே வைப்பதற்கென்றே செய்த மோட்டார்களும் உண்டு. எல்ஜிபியின் இபிஎல் வகை அதில் பழையது, தோட்டங்களில் அதிகம் பார்ப்பதும் அதுதான். இரண்டே கம்பி. மின்சாரத்தின் திசையை மாற்றினால் நாக்கு பக்கம் மாறும். இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. இதற்குத் தேவை ஒரு கணநேரத் துடிப்பு மட்டுமே. பொத்தானை அழுத்தி விட வேண்டும். சாதாரண விளக்கு சுவிட்ச் மாதிரி போட்டால் போட்டபடி நிற்கும் சுவிட்சை மாட்டினால் உள்ளே இருக்கும் சுருள் சூடேறி, கருகிய வாசனையோடு உயிரை விடும். டிஜிட்டல் கட்டளையை மோட்டாருக்கான மின்சாரமாக மாற்றித் தரும் டெக்கோடரில் இணைப்பவர்களும் இதையே செய்கிறார்கள். வெளியீடு துடிப்பாக வருகிறதா, தொடர்ந்து வருகிறதா என்று பார்க்காமல் மாட்டுவார்கள். மேலே சொன்ன மெதுவாக நகரும் மோட்டாருக்கு இதற்கு நேர்மாறாக, மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். ஆக, ஒன்றை மாற்றி இன்னொன்று வைக்கும்போது பழைய சுவிட்ச், பழைய வயரிங் அப்படியே ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம்.

மின்காந்தச் சுருளால் இழுக்கும் இரட்டைச் சுருள் சோலனாய்டு மோட்டார், அதுதான் ‘டக்’ என்று அடிக்குமே, அதை வாங்குபவர்கள் கம்பியின் நீளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டு மேசையில் இரண்டு மீட்டர், தோட்டத்தில் இருபது. போக வர நாற்பது மீட்டர் கம்பி. 0.2 சதுர மி.மீ. மெல்லிய செம்புக் கம்பி என்றால் அதன் தடை மட்டும் சுமார் 3.5 ஓம். சுருளின் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற 16 வோல்ட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பியே தின்றுவிடும். மோட்டார் அரைகுறையாக முனகும், நாம் மோட்டாரைத் திட்டுவோம். அதே தூரத்துக்கு 1 சதுர மி.மீ. கம்பி போட்டால் தடை 0.7 ஓம்தான். சோலனாய்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், அழுத்திப் பிடிக்காது. பாயிண்டிலேயே ஸ்பிரிங் இருந்தால்தான் நாக்கு நிற்கும். ஸ்பிரிங் இருக்கிற பாயிண்டில் மெதுவாக நகரும் மோட்டாரை வைத்தாலோ, பாதி தூரம் மெதுவாகப் போய் அப்புறம் திடீரென்று துள்ளும். அங்கே ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவதுதான் வழக்கம்.

இப்போது எல்லாரும் சர்வோ என்கிறார்கள், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார். விலை மலிவு, வேகத்தை விருப்பம்போல வைக்கலாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கைக்கு அடக்கமான அந்த நீல நிற ஒன்பது கிராம் சர்வோவின் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். ஈர மண்ணுக்குப் பக்கத்தில் அதை நம்ப முடியாது. உலோகப் பல்சக்கரம் உள்ளதை வாங்குங்கள். நகர்வின் எல்லையைச் சரியாக வைக்காவிட்டால், நாக்கு தண்டவாளத்தில் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே, உறுமிக்கொண்டே, சூடாகிக்கொண்டே இருக்கும். இடையில் ஒரு மெல்லிய பியானோ கம்பியை வைத்தால் மிச்ச அழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும், நாக்கையும் இறுக்கிப் பிடிக்கும். மின்சாரம் போட்ட நொடியில் சில சர்வோக்கள் உதறும். அந்த நேரத்தில் பாயிண்டின் மேல் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தில் ஓடும் மோட்டார்கள் உண்டு. வெளியே மின்சாரமே வேண்டாம், ஆனால் குழாயில் கசிவு தேடும் பொறுமை வேண்டும்.

எதை வாங்கினாலும், அதை எங்கே திருகுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். பாயிண்டை விட்டுத் தள்ளி ஒரு சிமென்ட் பலகையில் மோட்டாரைப் பதித்து, நீண்ட கம்பியால் இணைப்பார்கள். பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டர் நீளத்துக்கு, 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில், ஏழரை மி.மீ. அளவுக்கு நீளும். குளிர்காலக் காலைக்கும் கோடை மதியத்துக்கும் இடையே, வெயிலில் கிடக்கும் உலோகத்துக்கு அந்த வித்தியாசம் சாதாரணம். தடம் நகரும், பலகை நகராது. ஜனவரியில் சரியாக வைத்த அளவு ஜூலையில் கோணலாகிவிடும். பாயிண்டின் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளிலேயே மோட்டாரை மாட்டினால் இரண்டும் சேர்ந்து நகரும். உலோக ஃபிராக் (பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) உள்ள பாயிண்ட் என்றால், அதன் மின்முனையை மாற்றித் தரும் தொடர்பு சுவிட்ச் மோட்டாரோடு சேர்ந்து வருகிறதா என்றும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மோட்டார் கெட்டுவிட்டது என்று கழற்றுவதற்கு முன் விரலால் நாக்கைத் தள்ளிப் பாருங்கள். பாதி நேரம் ஒரு சரளைக்கல் சிக்கியிருக்கும். ஒருமுறை நான் மோட்டாரைப் பிரித்து, கம்பியைச் சோதித்து, மாலை முழுக்கப் போராடினேன். காரணம் நாக்கின் மூட்டடியில் எறும்பு கட்டிய மண்.

கைக்கு எட்டும் பாயிண்டுகளுக்கு மோட்டாரே வேண்டாம் என்பேன். எங்களிடம் உள்ள ஏழில் மூன்றுக்குத்தான் வைத்திருக்கிறேன், ரோஜாச் செடிக்குப் பின்னால் இருப்பவை. அவற்றுக்கும் ஒரேயடியாக வாங்கவில்லை. ஒன்றை வாங்கி, இருப்பதிலேயே ஈரமான மூலையில் பொருத்தி, ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டேன். மார்ச்சில் பொத்தானை அழுத்தியதும் அது மாறிய பிறகுதான் மற்ற இரண்டுக்கும் பணம் கொடுத்தேன்.