சட்டமூலத்தை எதிர்த்து மனுப் போடுவது எப்படி?

225 பேர் இருக்கிற இலங்கைப் பாராளுமன்றத்துக்கு மட்டக்களப்பு மாவட்டம் அனுப்புவது 5 பேரை. எண்ணிக்கையில் நாம் வெல்ல முடியாது. அதனால்தான் களுவாஞ்சிக்குடியில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையை விடாமல் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பிரஜையும் சட்டமூலத்தை, அதாவது இன்னும் நிறைவேறாத சட்ட வரைவை, எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம்.

முதலில் வர்த்தமானியில் வந்த தமிழ்ப் பிரதியை அச்சடியுங்கள். உரிமையைத் தொடும் வாசகத்துக்கு அடிக்கோடிட்டு, ஓரத்தில் அது மீறும் உறுப்புரை இலக்கத்தை எழுதுங்கள். வெறுமனே 'அநியாயம்' என்றால் நிற்காது. 'சமத்துவத்தைச் சொல்லும் 12(1)க்கு முரண்' என்று காட்ட வேண்டும்.

சட்டமூலம் பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய அன்றே சட்டத்தரணியைப் பிடியுங்கள். கெடு மிகக் குறுகியது. இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடையில் நிற்க வேண்டிவரும். மனுவின் பிரதி அதே வேளையில் சபாநாயகருக்கும் போகவேண்டும், மறந்துவிடாதீர்கள். 3 வாரத்துக்குள் நீதிமன்றம் தீர்மானம் சொல்லும்.

மக்கள் தெரிவுசெய்தவர்களை நீதியரசர்கள் தடுக்கலாமா என்று கேட்பார்கள். அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்மானித்தாலும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கான 150 வாக்கு இருந்தால் பெரும்பாலும் நிறைவேற்றலாம். சில உறுப்புரைகளுக்குத்தான் மக்கள் தீர்ப்பும், அதாவது நாடு முழுவதும் வாக்கெடுப்பும், வேண்டும். பெரும்பான்மைக்கு அது போதாதா?

சரி, நிறைவேறிய சட்டமூலத்தைச் சபாநாயகர் சான்றுரைத்துச் சட்டமாக்கிய பிறகு? இந்தியாவைப் போல இங்கே வழக்காட முடியாது. சான்றுரைத்த சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விகேட்க முடியாது என்னும் 80(3)ஆம் உறுப்புரை கதவை அடைத்துவிடும்.