மத்திய அரசின் மானியத்துக்கு உங்கள் சங்கம் விண்ணப்பிக்க

கனடாவில் மத்திய அரசின் மானியத்தை நாடும் சங்கங்கள், முதலில் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகச் செய்திமடலுக்குப் பதிந்துகொள்வது நல்லது. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் சில வாரங்களே என்பதால், அறிவிப்பு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். உறுப்பினர் நடத்தும் சமூக நிகழ்வுகளுக்கும் தவறாமல் செல்லுங்கள். அங்கே அலுவலக உதவியாளரிடம் நேரில் கேட்கும் ஐந்து நிமிடம், பல மின்னஞ்சல்களுக்குச் சமம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதியோருக்கான ‘நியூ ஹொரைசன்ஸ்’ திட்டம், சமூக முயற்சிகளுக்கு 25,000 டொலர் வரை வழங்குகிறது. முயற்சி முதியோரின் தலைமையிலோ தூண்டுதலிலோ அமைய வேண்டும் என்பதால், ‘முதியோருக்கு யோகா வகுப்பு’ என்று மட்டும் எழுதாமல், அதைக் கேட்டவர்களும் திட்டமிட்டவர்களும் முதியோரே என்பதைத் தெளிவாக விளக்குங்கள். 15 முதல் 30 வயதுள்ள இளையோரைக் கோடையில் பணியமர்த்த, ‘கனடா சம்மர் ஜொப்ஸ்’ ஊதிய மானியம் உண்டு.

ஐயமிருந்தால் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒட்டாவா மக்களவை முகவரிக்கு அனுப்பத் தபால்தலை தேவையில்லை.