ஹை ஹீல்ஸ் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மெத்தையை நம்பி அச்சை மறப்பது

உயரமான குதிகால் கொண்ட காலணியின் முதல் மாதிரி தயாராகி, அணிந்து பார்த்தவர் முன்பாதம் வலிக்கிறது என்று சொன்னதும், பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் செய்யும் முதல் வேலை இன்சோலின், அதாவது பாதம் பதியும் உள்ளடித்தட்டின் மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் நுரைமெத்தை ஒட்டுவதுதான். மற்ற தவறுகள் பலவற்றுக்கும் மூலம் இதுவே. காலணிக்கு உருவம் தரும் அச்சு, அதாவது தொழிலில் ‘லாஸ்ட்’ எனப்படுவது, அந்த மெத்தைக்கு இடம் விட்டுச் செதுக்கப்பட்டிருக்காது. ஆகவே மெத்தை சேர்ந்த அளவுக்குப் பாதம் மேலே எழும்பும். மேல்தோல் விரல்களை அழுத்தும். குதிகால் பின்புறக் கிண்ணத்திலிருந்து வெளியே நழுவும். மென்மை கூடுதலானால் கணுக்கால் பக்கவாட்டில் ஆடவும் தொடங்கும். கடையில் இரண்டு நிமிடம் அணிந்து பார்ப்பவருக்கு இது சுகமாகத் தெரியும் என்பதால், விற்பனைப் பிரிவினர் இதை எதிர்ப்பதில்லை.

வலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் மெத்தையின் எல்லை புரியும். குதிகால் உயர உயர, உடல் எடையில் முன்பாதம் தாங்கும் பங்கு கூடுகிறது. அதோடு பாதம் ஒரு சரிவில் நிற்பதால், ஒவ்வோர் அடியிலும் சற்றே முன்னோக்கி வழுக்கிச் சென்று விரல்களைக் காலணியின் முனையில் மோதவிடுகிறது. எடை முன்னே செல்வதை முற்றிலும் தடுக்க முடியாது. வழுக்கலைத் தடுக்க முடியும். அதற்கான இடம் குதிகால் அமரும் பரப்பு. குதிகாலிலிருந்து விரல்களின் அடிமூட்டு வரை ஒரே நேரான சறுக்குப் பலகைபோல அச்சை இறக்குவது மிகப் பெரிய பிழை. குதிகால் அமரும் பகுதியின் சாய்வைக் குறைவாக வைத்து, இறக்கத்தின் பெரும்பகுதியை நடுப்பாதத்தின் வளைவு ஏற்றுக்கொள்ளும்படி செய்தால், எடையில் ஒரு பங்கு குதிகாலிலேயே தங்கும். ஆனால் அந்தப் பரப்பை அளவுக்கு மீறிச் சமதளமாக்கினால், அது முடியும் இடத்தில் வளைவு திடீரென முறிந்து, குதிகாலுக்கு முன்னால் விளிம்புபோல உறுத்தும். சரியான கோணம் உயரத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், 5 சென்டிமீட்டர் ஹீலுக்குச் செய்த அச்சின் பின்பகுதியைத் தூக்கி 8 சென்டிமீட்டர் அச்சாக மாற்றும் குறுக்குவழி பலன் தருவதில்லை.

தரையில் தட்டையாக நிற்கும் பாதத்தை அளந்து, அந்த அளவிலேயே உயரக் குதிகாலுக்கு அச்சு செய்வதும் இதே வகைப் பிழைதான். குதிகால் எழும்பும்போது விரல்கள் அடிமூட்டில் மேல்நோக்கி மடங்குகின்றன. உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை இழுபட்டு, பாதத்தின் உள்வளைவு உயர்ந்து, பாதத்தின் நீளம் சற்றுக் குறைகிறது. சுற்றளவுகளும் மாறுகின்றன. எனவே எந்த உயரத்துக்குக் காலணி செய்யப்படுகிறதோ, அந்த உயரத்தில் பாதத்தை நிறுத்தி அளப்பதே முறை.

அளவுக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அச்சின் நீள வேறுபாடு சுமார் 6.67 மில்லிமீட்டர், 36-க்கும் 41-க்கும் இடையே அது 33 மில்லிமீட்டருக்கு மேல். மாதிரி அளவான 37-இல் 8 சென்டிமீட்டர் உயரம் நன்றாக இருந்தது என்பதற்காக அதே ஹீலை எல்லா எண்களுக்கும் பொருத்தினால், சிறிய பாதத்துக்குச் சரிவு செங்குத்தாகிவிடும். ஒவ்வோர் அளவுக்கும் தனி ஹீல் வார்ப்பு செய்வது செலவு என்பது உண்மையே. இரண்டு மூன்று எண்களுக்கு ஓர் உயரம் என்று பிரிப்பதாவது குறைந்தபட்சக் கடமை.

உயரக் குதிகால் காலணியின் நடுப்பகுதி தரையைத் தொடாமல் பாலம்போல நிற்கிறது. அந்தப் பாலத்தைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் ‘ஷாங்க்’ என்ற எஃகுத் தகடு. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் திரைத்துறையினருக்குக் காலணி செய்துவந்த சால்வதோரே ஃபெர்ரகாமோ, லாஸ் ஏஞ்சலிஸில் உடற்கூறியல் பயின்று, நிற்கும்போது உடல் எடை பாதத்தின் வளைவின் மீது செங்குத்தாக இறங்குகிறது என்ற முடிவுக்கு வந்து, அந்த இடத்தில் எஃகுத் தாங்கியை வைத்தார். இத்தாலிக்குத் திரும்பிய பிறகு, 1930-களில் அந்நாட்டின் மீதான பொருளாதாரத் தடையால் நல்ல எஃகு கிடைக்காதபோதுதான் அவர் நடுப்பகுதியையும் நிரப்பும் தக்கைக் குதிகாலுக்கு மாறினார்; இன்று ‘வெட்ஜ்’ என்று நாம் விரும்பி அணிவது அந்தத் தட்டுப்பாட்டின் பிள்ளை. ஷாங்க் விஷயத்தில் இன்று நடக்கும் தவறுகள் எளிமையானவை, ஆனால் விளைவு பெரிது. தகட்டின் வளைவு அச்சின் அடிவளைவோடு ஒத்துப்போகாவிட்டால் காலணி அச்சிலிருந்து கழற்றியதும் வடிவம் மாறும். தகடு குட்டையாக இருந்தால் நடுப்பகுதி தொய்யும். விரல்களின் அடிமூட்டு மடங்கும் கோட்டைத் தாண்டி நீண்டால் நடக்கும்போது காலணி வளைய மறுக்கும். விலையைக் குறைக்க மெல்லிய தகட்டைப் போடும் இடத்தில் எவ்வளவு நல்ல தோலைப் போட்டும் பயனில்லை.

ஹீல் நிற்கும் இடமும் அவ்வளவே முக்கியம். அதன் எடை தாங்கும் கோடு குதிகால் எலும்பின் மையத்துக்கு நேர் கீழே வர வேண்டும். பக்கவாட்டுத் தோற்றம் ஒயிலாக இருக்க வேண்டும் என்பதற்காக ஹீலைப் பின்னுக்குத் தள்ளி வரைந்தால், எடை ஹீலுக்கு முன்னால் விழுந்து ஷாங்கை வளைக்கும். உள்ளே தள்ளி வரைந்தால் அணிபவர் பின்னுக்குச் சாய்வதுபோல உணர்வார். தாளில் வரையும் வடிவமைப்பாளருக்கு ஹீலை ஐந்து மில்லிமீட்டர் நகர்த்துவது ஓர் அழகியல் முடிவு, நடப்பவருக்கு அப்படியல்ல.

முனையைப் பற்றிச் சொல்லப்படும் பொதுவான அறிவுரை, கூர்முனையை விட்டுவிடுங்கள் என்பது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கூர்மை விரல்கள் முடிந்த பிறகு தொடங்கினால் கூர்முனைக் காலணியும் தீங்கற்றதாக இருக்கும். அதற்கு அச்சின் நீளத்தைக் கூட்ட வேண்டும். நீளத்தைக் கூட்டாமல், விரல்கள் இருக்கும் இடத்திலேயே குறுக்குவதுதான் பெருவிரலை உள்ளே வளைத்து, விரல் நரம்புகளை நசுக்குகிறது. இந்தியப் பெண்களுக்கு இது இன்னும் கடுமையாகிறது. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தபோது, இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று தெரியவந்தது. அதன் அடிப்படையில்தான் ‘பா’ என்ற இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது. ஐரோப்பிய வாங்குநருக்காகச் செய்த ஒடுங்கிய அச்சிலேயே உள்நாட்டுச் சந்தைக்கும் ஹீல்ஸ் தைத்தால், அகலம் வேண்டி வாடிக்கையாளர் ஓர் எண் பெரிதாக வாங்குவார். பெரிய காலணியில் குதிகால் கழலும், பாதம் மேலும் முன்னே வழுக்கும், விரல்கள் மீண்டும் முனையில் போய் நெருக்குண்ணும்.

உடல்நிலை, அதாவது நிற்கும் பாங்கு, பற்றிய விளம்பரங்களில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. ஹீல்ஸ் முதுகை எப்போதும் உள்வளைக்கும் என்று சொல்வது வழக்கம். அளந்து பார்த்த ஆய்வுகளோ ஒரே விடையைத் தரவில்லை, சிலவற்றில் இடுப்பின் வளைவு குறையவும் செய்தது. தெளிவாகத் தெரிந்தவை வேறு. பாதம் கீழ்நோக்கிச் சாயும்போது கணுக்கால் எலும்பின் குறுகலான பின்பகுதி மூட்டுக் குழிக்குள் வருவதால், மூட்டின் பிடிப்பு தளர்ந்து, சுளுக்குக்கு வழி ஏற்படுகிறது. நீண்டகாலம் ஹீல்ஸ் அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள் சராசரியாக 13 சதவீதம் குறுகியிருந்ததையும், குதிகால் தசைநாண் விறைத்திருந்ததையும் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்க மருத்துவர் கேசி கெரிகனின் குழு, உயரக் குதிகால் முழங்கால் மூட்டின் மீதான முறுக்கு விசையைக் கூட்டுவதை 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டது. 2001-இல் அகலமான ஹீலும் அந்தச் சுமையைக் குறைக்கவில்லை என்று காட்டியது. அகல ஹீல் தடுமாற்றத்தைக் குறைக்கும் என்பது சரி. முழங்காலைக் காக்கும் என்று பெட்டியில் அச்சிடுவது தவறு.

காலணியின் முன்பகுதிக்கும் அடியில் கனம் சேர்க்கும் பிளாட்ஃபார்ம் உண்மையிலேயே உதவும் ஓர் உத்தி: 10 சென்டிமீட்டர் ஹீலுக்கு முன்னால் 3 சென்டிமீட்டர் கனம் வைத்தால் பாதம் உணரும் உயரம் 7 சென்டிமீட்டர்தான். ஆனால் கனத்த அடி வளையாது. விரல் பகுதியில் அடியை உருண்டெழும்படி செதுக்காமல் தட்டையாக விட்டால், அணிபவர் பாதத்தை மடக்கி நடக்க முடியாமல் தூக்கி வைத்து நடப்பார். மிகவும் உயர்த்தினால் தரையின் மேடுபள்ளம் பாதத்துக்குத் தெரிவதும் நின்றுபோகும்.

சிறிய விவரங்களில் இரண்டைச் சொல்லிவிடலாம். கணுக்காலைச் சுற்றும் வார் காலணி கழலாமல் பார்த்துக்கொள்ளும், முன்வழுக்கலை நிறுத்தாது. அதை நிறுத்துவது புறங்காலின் மேல் குறுக்கே வரும் வார். முன்பாதத்துக்கான சிறு திண்டை விரல்களின் அடிமூட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். கீழே வைத்தால் வலிக்கும் இடத்தையே அது மேலும் குத்தும்.

சோதனையில் நேரும் தவறு, ஆய்வகச் சான்றிதழோடு திருப்தி அடைவது. ஹீலின் பக்கவாட்டுத் தாக்கத்துக்கு ஐஎஸ்ஓ 19953, திரும்பத் திரும்ப விழும் அடியால் ஹீல் தளர்வதற்கு ஐஎஸ்ஓ 19956, ஹீல் பிடிப்பின் வலிமைக்கு ஐஎஸ்ஓ 22650 என முறைகள் உள்ளன. இவை ஹீல் முறியாது, கழன்று வராது என்பதைச் சொல்லுமே ஒழிய, பாதம் என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்லாது. வெவ்வேறு அகலமுள்ள பாதங்களைக் கொண்ட சிலரிடம் மாதிரியைக் கொடுத்து, ஒரு முழு வேலைநாள் படியேறி, இறங்கி, நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்பதோடு உள்ளே இருக்கும் வெளிர்நிற உறையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பெருவிரலின் தடம் முனைக்கு மிக அருகே கருத்திருந்தால் பாதம் வழுக்குகிறது. குதிகால் தடம் மங்கி, அடிமூட்டுகளின் தடம் மட்டும் ஆழமாக இருந்தால் குதிகால் பரப்பின் கோணம் தவறு. தடம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஹீல் நிற்கும் இடத்தை மறுபடி அளக்க வேண்டும். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அச்சு.