ஆய்வேட்டின் கடைசி இயல்: முடிவுரையை எங்கிருந்து தொடங்குவது?

மார்ச் பிறந்துவிட்டால் வேலூரைச் சுற்றியுள்ள காட்பாடி, ஓட்டேரி, சேர்க்காடு பக்கத்து டிடிபி கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. முதுகலை ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும். அங்கே கொஞ்ச நேரம் நின்று திரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: முன்னுரைக்கு இருபது பக்கம், நடு இயல்களுக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை, முடிவுரைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அதுவும் 'முதல் இயலில் அறிமுகம் கூறப்பட்டது, இரண்டாம் இயலில் முன்னாய்வுகள் தொகுக்கப்பட்டன' என்று பொருளடக்கத்தையே வாக்கியமாக நீட்டியதாக இருக்கும்.

முதன்முறை ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கான பதிவு இது. முடிவுரைக்கு உள்ள வேலை ஒன்றுதான்: முதல் இயலில் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு, உங்கள் தரவு தாங்குகிற அளவுக்குப் பதில் சொல்வது. 'தரவு தாங்குகிற அளவுக்கு' என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் அதற்குக் கீழே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரு தலைப்பு வேண்டும். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரியை நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு (இந்த ஊரின் விளைபொருள் என்பதற்கான அரசு அங்கீகாரம்) கிடைத்தது. அதை வைத்து 'புவிசார் குறியீட்டுக்குப் பின் முள்ளுக் கத்தரி உழவர்களின் விற்பனை வழிகள்' என்று ஒரு தலைப்பை நானே உருவாக்கிக்கொள்கிறேன். இப்படி ஓர் ஆய்வு நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். இதைப் பற்றிக் கீழே வரும் எண்களும் முடிவுகளும் பாடத்துக்காகச் செய்த கற்பனை. நோக்கங்கள் மூன்று: உழவர்கள் காயை எங்கே விற்கிறார்கள் என்று அறிவது, குறியீடு பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அறிவது, குறியீடு வந்தபின் விலையில் மாற்றம் உண்டா என்று பார்ப்பது. கருதுகோள், அதாவது ஆய்வுக்கு முன்பே நாம் வைக்கும் ஊகம்: 'குறியீடு கிடைத்ததால் உழவர்களுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது.'

படி 1: முதல் இயலைத் தவிர எல்லாவற்றையும் மூடிவையுங்கள்

கணினியையும் சேர்த்துத்தான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நோக்கங்களை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில். அட்டவணையைப் புரட்டக் கூடாது. மாதக்கணக்கில் இதிலேயே உழன்றவருக்குப் பதில் நினைவிலிருந்தே வர வேண்டும்.

பதில் தடையில்லாமல் வந்தால் நல்லது. சில நேரம் பதில் வரும், ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதிலாக இருக்கும். விற்பனையைப் பற்றிக் கேட்கப் போய்க் கடனைப் பற்றி நிறையக் கண்டுபிடித்திருப்பீர்கள். களத்தில் இது சகஜம். நெறியாளரிடம் பேசி முதல் இயலில் அந்த நோக்கத்தைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால் சிக்கல் முடிவுரையில் இல்லை, தரவை அலசும் நான்காம் இயலில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் முடிவுரைக்கு வந்து பயனில்லை.

படி 2: தரவிலிருந்து முடிவுக்கு ஏறுங்கள்

நம் பக்கத்து வணிகவியல், சமூகப்பணி ப்ராஜெக்ட்டுகளில் ஐந்தாம் இயலுக்கு 'கண்டறிந்தவை, பரிந்துரைகள், முடிவுரை' என்றே தலைப்பு இருக்கும். தமிழ்த் துறைகளில் எண் போடாமல் 'முடிவுரை' என்று மட்டும் வைப்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது நான்கு வகை வாக்கியம். ஒரே செய்தியை நான்கு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதல் வகை: 'நான்காம் இயலில் உழவர்களின் விற்பனை முறைகள் அட்டவணைகளுடன் விரிவாக ஆராயப்பட்டன.' ஆராய்ந்தீர்கள், சரி. என்ன தெரிந்தது? இந்த வாக்கியத்தை ஆய்வு செய்யாமலேயே எழுதிவிடலாம். இது முடிவுரையில் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

இரண்டாம் வகை: '60 உழவர்களில் 41 பேர் மண்டியிலும், 12 பேர் உழவர் சந்தையிலும், 7 பேர் தோட்டத்திலேயே வியாபாரிகளிடமும் விற்கின்றனர்.' இது தரவு. நான்காம் இயலில் ஏற்கெனவே இருக்கிறது. ப்ராஜெக்ட்டுகளில் 'கண்டறிந்தவை' என்று வருவதில் பெரும்பகுதி இதுதான். அட்டவணைக்கு ஒன்றாகப் பிரதி எடுத்து வரிசையாக ஒட்டியிருப்பார்கள். இருபத்தைந்து அட்டவணை இருந்தால் இருபத்தைந்து வரி.

மூன்றாம் வகை: 'குறியீடு கிடைத்த பின்னும் பெரும்பாலான உழவர்கள் மண்டியையே நம்பியிருக்கின்றனர்.' இது கண்டறிந்தது. எண்ணுக்குப் பதில் பொருள் வந்துவிட்டது.

நான்காம் வகை: 'சாகுபடிச் செலவுக்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய உழவர்கள் காயை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. முன்பணம் வாங்காதவர்களே உழவர் சந்தைக்குப் போகின்றனர். ஆகவே, இவர்களின் விற்பனை வழியைத் தீர்மானிப்பதில் குறியீட்டைவிட முன்பணத்துக்கே பங்கு அதிகம் எனத் தெரிகிறது.' இதுதான் முடிவு.

மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு எப்படிப் போனோம் என்று கவனியுங்கள். விற்கும் இடம் பற்றிய அட்டவணை ஓர் இயலில் இருக்கும், கடன் பற்றிய அட்டவணை வேறோர் இயலில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்தது இது. தனித்தனி இயலில் சொல்ல வாய்க்காததைச் சொல்லத்தான் கடைசி இயல். 'ஆகவே' என்று எழுதிவிட்டு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் மூன்றாம் வகையிலேயே நிற்கிறீர்கள்.

இலக்கிய ஆய்வுக்கும் இதே கணக்குதான். ஒரு நாவலில் உள்ள உவமைகளை எண்ணி வகைப்படுத்திவிட்டு, 'உவமைகள் ஐந்து வகைப்படும்' என்று முடித்தால் அது தரவு. பெரும்பாலானவை கழனி வேலையிலிருந்து வருகின்றன என்பது கண்டறிந்தது. ஊரை விட்டுப் போன பாத்திரம் பேசும்போதும் கழனி உவமையே வருகிறது, ஆகவே அவர் இன்னும் எந்த உலகத்தில் வாழ்கிறார் என்று நீங்கள் சொல்வது முடிவு.

படி 3: கருதுகோள் பொய்த்தால் பொய்த்தது என்று எழுதுங்கள்

மாணவர்கள் ரொம்பப் பயப்படுகிற இடம் இது. கூடுதல் விலை கிடைக்கிறது என்று கருதுகோள் வைத்தோம், கிடைக்கவில்லை என்று தரவு சொல்கிறது. உடனே கருதுகோளைத் திருத்தி எழுதிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். நோக்கத்தைச் சேர்ப்பது வேறு, விடையைப் பார்த்துக் கருதுகோளை வளைப்பது வேறு. இரண்டாவது, ஆய்வு அறத்துக்கே விரோதம். 'கூடுதல் விலை கிடைக்கிறது என்னும் கருதுகோளைத் தரவுகள் ஆதரிக்கவில்லை' என்று ஒரு வரி, ஏன் ஆதரிக்கவில்லை என்று ஒரு பத்தி. வாய்மொழித் தேர்வில் அந்தப் பத்தியைப் பற்றித்தான் கேட்பார்கள், உங்களுக்கும் பேச விஷயம் இருக்கும்.

படி 4: தரவின் அளவுக்கே பேசுங்கள்

60 உழவர்களைப் பார்த்துவிட்டு 'தமிழக உழவர்கள்' என்று எழுதுவதை எத்தனை முறை அடித்தாலும் அது முளைத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஒரு வட்டாரம், ஒரு பருவம். அதை மட்டும் சொல்லுங்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. பசுமைப் புரட்சியின் புதிய நெல் ரகங்கள் வந்து சில ஆண்டுகள் ஆன நிலையில், 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் 11 கிராமங்களில் கள ஆய்வு செய்தார்கள். புதிய ரகங்கள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை, பலன் பெரிய விவசாயிகள் பக்கமே சாய்கிறது என்பது அவர்கள் கண்ட படம். 1977இல் வெளியான அவர்களின் நூலின் தலைப்பில் 'பசுமைப் புரட்சி' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்தக் கிராமங்களுக்கே திரும்பப் போனபோது வேறு படம் கிடைத்தது. சிறு விவசாயிகளும் புதிய ரகங்களுக்கு மாறியிருந்தார்கள், அவர்களுடைய வருமானமும் நிலமற்ற கூலித் தொழிலாளர்களின் வருமானமும் கூடியிருந்தன.

முதல் குழுவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், யாரிடம், என்ன கேட்டோம் என்று அவர்கள் பதிந்துவைத்ததால்தான் அடுத்த குழு அதே ஊர்களுக்குப் போய் ஒப்பிட முடிந்தது. 'பசுமைப் புரட்சி ஏழைகளுக்கு உதவாது' என்று காலமும் இடமும் இல்லாமல் ஒருவர் எழுதியிருந்தால் பத்து ஆண்டில் அது வெறும் தவறான வாக்கியமாகியிருக்கும். '1973-74இல், இந்த ஊர்களில்' என்று எழுதியது இன்றைக்கும் செல்லும்.

இதை உங்கள் வாக்கியத்தில் கொண்டுவர வினைமுற்றைக் கவனித்தால் போதும். 'ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகிறது' என்பது முதுகலை ப்ராஜெக்ட்டில் வரவே வேண்டாத சொற்றொடர். எண்ணிப் பார்த்து உறுதியானதற்கு 'காட்டுகிறது'. தரவிலிருந்து நீங்கள் ஊகித்ததற்கு 'எனத் தெரிகிறது'. ஆதாரம் கொஞ்சம் மெலிவாக இருந்தால் 'எனக் கருத இடமுண்டு'. ஒன்றிரண்டு பேர் மட்டும் சொன்னதற்கு 'எனச் சிலர் கூறினர்'. ஒவ்வொரு முடிவின் வினைமுற்றையும் அடிக்கோடிட்டு, அந்த அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 5: பரிந்துரையில் 'ஆவன செய்ய வேண்டும்' வேண்டாம்

'அரசு உழவர்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்த ஆவன செய்ய வேண்டும்.' இதை நெசவாளர் பற்றிய ஆய்வேட்டிலும் வைக்கலாம், பீடித் தொழிலாளர் பற்றியதிலும் வைக்கலாம். எங்கேயும் பொருந்துகிற பரிந்துரைக்கு உங்கள் ஆய்வே தேவையில்லை.

பரிந்துரை எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். பாலாற்றின் பாழ் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிய பிறகு அது 'மாசைத் தடுக்க ஆவன செய்க' என்று முடியவில்லை. மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைக்க வேண்டும் என்றது. வட ஆற்காடு அம்பேத்கர் (வேலூர் மாவட்டத்தின் அன்றைய பெயர்) உள்ளிட்ட குறிப்பிட்ட மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலையும் 10,000 ரூபாய் அபராதத்தை அக்டோபர் 31க்குள் ஆட்சியர் அலுவலகத்தில் கட்ட வேண்டும் என்றது. யார், என்ன, எங்கே, எப்போதுக்குள் என்று நான்கும் இருக்கின்றன. நீங்கள் நீதிபதி இல்லை, அபராதம் போட முடியாதுதான். ஆனால் யார், என்ன என்ற இரண்டையாவது சொல்லலாம்.

நம் மாதிரிக்கு வருவோம். 'மண்டி முன்பணத்தைச் சார்ந்திருப்பதே விற்பனை வழியைக் கட்டுப்படுத்துவதால், நடவுக்கு முன்பே கிடைக்கும்படி தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் முள்ளுக் கத்தரிக்குச் சிறு கடன் வழங்கலாம்.' எந்த முடிவிலிருந்து இந்தப் பரிந்துரை பிறந்தது என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. அப்படி முடிவோடு முடிச்சுப் போட முடியாத பரிந்துரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மூன்று பரிந்துரை தாராளம்.

படி 6: மற்றவை

ஆய்வெல்லையை ஒரு பத்தியில் நேராகச் சொல்லுங்கள். 'நேரமும் பணமும் போதவில்லை' என்பது எல்லாருக்கும் உள்ளது. 'ஒரு பருவ விலை மட்டுமே எடுக்கப்பட்டது, ஆண்டு முழுக்க விலை எப்படி மாறுகிறது என்பது இதில் இல்லை' என்பதுதான் எல்லை. அதிலிருந்தே மேலாய்வுக்குரிய களமும் கிடைத்துவிடும்: 'ஓராண்டு விலைப் போக்கை ஆராயலாம்.'

புதிய தரவு, புதிய மேற்கோள், புதிய அறிஞர் யாரும் இந்த இயலுக்குள் நுழையக் கூடாது. கடைசி வரியில் ஒரு குறளை நிறுத்தி முடிக்கும் வழக்கமும் எனக்கு ஒப்பாது. ஆய்வுக்குள் அந்தக் குறளுக்கு வேலை இல்லாதபோது வாசலில் மட்டும் எதற்கு? நீளம் என்று பார்த்தால், ப்ராஜெக்ட்டுக்கு ஆறேழு பக்கம் போதும். முனைவர் பட்டத்துக்கு உங்கள் துறை வழக்கத்தை நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செய்ததை இறந்தகாலத்திலும், கண்டதை நிகழ்காலத்திலும் எழுதினால் குழப்பம் வராது.

படி 7: வேறு துறை நண்பரிடம் கொடுங்கள்

முதல் இயலையும் கடைசி இயலையும் மட்டும் கொடுங்கள், நடுவில் உள்ளதைத் தர வேண்டாம். படித்துவிட்டு, 'நீ என்ன கேட்டாய், என்ன கிடைத்தது' என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறுகிற இடத்தில் பேனாவை வையுங்கள். புறத்தேர்வாளர்களில் பலரும் முதலில் புரட்டுவது இந்த இரண்டு இயல்களைத்தான்.

அப்புறம் ஒரு தட்டச்சுச் சங்கதி. கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த இயல்களும் நீங்கள் போனில் யூனிகோடில் அடித்த முடிவுரையும் ஒரே கோப்பில் சேரும்போது எழுத்துகள் உடையும், குறிப்பாகக் கொம்பும் காலும் இடம் மாறும். மாற்றி முடித்ததும் முடிவுரையைத் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், அச்செடுத்துப் படியுங்கள். நோக்கங்களின் வரிசை முதல் இயலிலும் முடிவுரையிலும் ஒன்றாக இருக்கிறதா, பொருளடக்கத்தில் கடைசி இயலின் பக்க எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பைண்டிங்குக்குக் கொடுங்கள்.