இராணுவ ஆட்சியில் ஆட்கொணர்வு மனு: பாகிஸ்தான் வழக்குகளை வாசிப்பதில் நேரும் தவறுகள்

இராணுவம் வந்ததும் நீதிமன்றங்களுக்குப் பூட்டுத் தொங்கிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாகிஸ்தானில் நீதிமன்றங்கள் இயங்கின, காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்களும் தாக்கலாயின. இராணுவச் சட்ட ஆணைகளை விசாரிக்க அதிகாரமில்லை என்ற உத்தரவுதான் குறுக்கே நின்றது. அதனால், காவல் சரியா என்று கேட்கப்போன வழக்கு, ஆணையிட்டவருக்கு ஆளும் உரிமை உண்டா என்ற கேள்வியில் போய் நிற்கும்.

தேதி பாராமல் தீர்ப்பைப் புகழ்வது இதைவிடப் பெரிய தவறு. அஸ்மா ஜிலானி தன் தந்தை மாலிக் குலாம் ஜிலானியை விடுவிக்கக் கோரிய மனுவை லாகூர் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வென்ற புரட்சி தானே சட்டமாகிவிடும் என்ற 1958ஆம் ஆண்டின் டோசோ வழக்குத் தீர்ப்பு அதற்குக் கைகொடுத்தது. 1972 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டோசோவைத் தூக்கியெறிந்து, இராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் அதிகாரத்தை அபகரித்தவர் என்றது. துணிச்சலான தீர்ப்புதான். ஆனால் யாஹியா 1971 டிசம்பர் 20 அன்றே பதவியை விட்டுப் போயிருந்தார்!

ஜிலானியைப் பிடித்தவர் யாஹியா என்று எழுதுவோரும் உண்டு. கைது நடந்தது டிசம்பர் 22 அன்று. அப்போது தலைமை இராணுவச் சட்ட நிர்வாகியாக, அதாவது இராணுவச் சட்டத்தின்கீழ் நாட்டை ஆள்பவராக, இருந்தவர் சீருடை அணியாத சுல்பிகர் அலி பூட்டோ. 1977இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தளபதி ஜியா உல் ஹக் அவரையே சிறைவைத்தபோது, மனைவி நுஸ்ரத் பூட்டோ உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வாதத்தின் அடித்தளம் அதே அஸ்மா ஜிலானி தீர்ப்பு.

இராணுவ நீதிமன்றத் தண்டனையையும் விசாரணையற்ற காவலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; முன்னதில் பெயரளவுக்காவது குற்றச்சாட்டு இருக்கும். இந்தியாவின் 1975 நெருக்கடி நிலைக் கைதுகளையும் இந்த வரிசையில் சேர்க்கக்கூடாது. அது தேர்தலில் வென்ற அரசு செய்தது.

நுஸ்ரத் பூட்டோவின் மனு 1977 நவம்பரில் தள்ளுபடியானது. நெருக்கடியில் வேறு வழியில்லாதபோது சட்டமீறிய செயலும் செல்லும் என்ற அவசியக் கோட்பாட்டின்பேரில் ஜியாவின் ஆட்சி செல்லும் என்றார்கள். பலரும் இத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். இராணுவ ஆட்சியின் செயல்களை ஆராயும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தச் சிறு இடுக்கு ஜியாவை உறுத்தியிருக்க வேண்டும்: 1981 மார்ச்சில் தற்காலிக அரசியலமைப்பு ஆணை பிறப்பித்து அதை அடைத்தார். அதன்கீழ் புதிதாகப் பதவிப் பிரமாணம் எடுக்க மறுத்த நீதிபதிகள் வீட்டுக்குப் போனார்கள்.