எல்டன் ரிங் தொடங்கப் போறீங்களா? முதல்ல தனியன் யானைக்கு வழி விடப் பழகுங்க

என்ட மருமகன் காரைதீவில இருக்கான், ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் சும்மா இருக்கிற நேரம். போன மாசம் ஒருநாள் ராவு வாட்ஸ்அப்பில வொய்ஸ் ஒண்டு போட்டான். "மாமா, இந்த கேம்ல தங்கக் கவசம் போட்டு குதிரையில ஒருத்தன் நிக்கான், முப்பது தரம் செத்திட்டன், கன்ட்ரோலர் பழுதோ தெரியா" எண்டு. கன்ட்ரோலர்ல ஒரு பழுதும் இல்ல. சாகாமலும் இருக்க ஏலா, ஏனெண்டா அந்தக் குதிரைக்காரன் கேம் தொடங்கி பத்து நிமிசத்தில நிக்கிற ஆள், ஆனா அந்த நேரத்தில நாம அடிக்கிற ஆள் இல்ல. இத அவனுக்கு போன்ல சொல்லிச் சொல்லி தொண்டை வத்தினதாலதான் இஞ்ச எழுதுறன், இனி ஆரும் கேட்டா லிங்க் அனுப்பினா சரி.

எல்டன் ரிங் 2022 பெப்ரவரி 25 வந்த கேம், செஞ்சது ஜப்பான்ல இருக்கிற ஃப்ரொம்சொஃப்ட்வெயார், டைரக்டர் ஹிடெடாகா மியாசாகி. ஈசி, நோர்மல், ஹார்ட் எண்டு தெரிவு ஒண்டும் இதுல இல்ல, எல்லாருக்கும் ஒரே அடிதான். நான் தொடங்கின நேரம் பாத்து நாட்டில கரண்டும் இல்ல, அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினாங்களே, கல்லடியில நுளம்புக்கு விசிறிக்கொண்டு இருந்துட்டு கரண்ட் வந்த உடன ஓடிப்போய் விளையாடி, மறுகா அது போக ஏசிக்கொண்டு எழும்பி வந்த காலம் அது.

கரண்ட், சேவ், உம்மா அம்மா கூப்பிடுறது

கேம் தானா அடிக்கடி சேவ் பண்ணும், ஆனா சேவ் பண்ற நேரம் பாத்து கரண்ட் போனா ஃபைல் பழுதாகலாம். கொம்பியூட்டர்ல விளையாடுற ஆக்கள் ஆப்டேட்டா உள்ளுக்கு ரோமிங் உள்ளுக்கு எல்டன்ரிங் எண்ட ஃபோல்டர் இருக்கும், அத அப்பிடியே கொப்பி பண்ணி வேற இடத்தில போட்டு வைங்க. எனக்கு ஒருக்கா 40 மணித்தியால சேவ் போகப் பாத்தது, கொப்பி இருந்ததால தப்பினன்.

மெஷின் எண்டா குறைஞ்சது 12 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கார்ட், 60 ஜிபி இடம் வேணும். கீபோர்ட்ல விளையாடலாம், ஆனா நான் சொல்லமாட்டன். செகண்ட்ஹேண்ட் கன்ட்ரோலர் எண்டாலும் ஒண்டு எடுங்க.

இன்னொண்டு, மெனுவைத் திறந்தாலும் கேம் நிக்காது, நீங்க சாப்பிடப் போனா ஓநாய் உங்களச் சாப்பிடும். கிரேஸ் எண்ட தங்க வெளிச்சத்துக்குப் பக்கத்தில போய் இருந்திட்டுத்தான் எழும்பிப் போகணும்.

ஆளைத் தெரிவு செய்யிறது

பத்து வகை ஆக்கள் இருக்காங்க. யோசிக்காம வாகபொண்ட் எடுங்க. உயிர் கூட, கையில நல்ல வாளும் கேடயமும் இருக்கு. தூர நிண்டு மந்திரத்தால அடிக்க ஆசையெண்டா அஸ்ட்ரோலஜர், தொடக்கத்தில லேசாத்தான் இருக்கும், ஆனா கிட்ட வந்து ஒருத்தன் ரெண்டு அடி போட்டா முடிஞ்சுது. சாமுராய் வடிவான ஆள், அதுவும் பிழையில்ல. ரெச் எண்டு ஒருத்தன் இருக்கான், உடுப்பும் இல்ல, கையில ஒரு பொல்லு மட்டும், லெவல் 1. அத எடுக்கிறவன் இந்தப் பதிவை வாசிக்கத் தேவையில்ல.

கூட ஒரு சாமான் தரட்டா எண்டு கேக்கும், அதுல கோல்டன் சீட் எடுங்க, மருந்துக் குப்பி ஒண்டு கூடக் கிடைக்கும்.

தொடங்கின உடன கனக்க கையுள்ள ஒரு பேய் வந்து உங்களக் கொல்லும். கொல்லட்டும், அது கதைக்குத்தான். மறுகா ஒரு குகையில எழும்புவீங்க, அங்க கதிரையில இருக்கிற ஆவி ஒண்டு பக்கத்துப் பள்ளத்தில குதிக்கச் சொல்லும், பயப்படாம குதிங்க. அதுதான் பழகுற இடம். என்ட மருமகன் அதுல குதிக்காம நேரே வெளிய வந்தவன், ரோல் பண்றது, அதாவது அடிக்குத் தப்ப உருளுறது, எந்தப் பட்டன் எண்டு குதிரைக்காரன்ட்டதான் படிச்சிருக்கான்.

வெளிய வந்த உடன

லிம்கிரேவ் எண்ட பச்சை ஊர் அது. முன்னால தங்க நிறத்தில சின்ன வெளிச்சம் ஒண்டு தெரியும், அதுதான் கிரேஸ். அதுல இருந்தா உயிர் நிறையும், குப்பி நிறையும், ஆனா செத்த சில்லறை எதிரிகளும் திரும்ப எழும்பும்.

இனி குதிரைக்காரன், ட்ரீ சென்டினல். அம்பாறைப் பக்கம் வயல் காவலுக்குப் போற ஆக்களிட்ட கேளுங்க, வழியில தனியன் நிண்டா என்ன செய்வீங்க எண்டு. மோட்டர்சைக்கிளை ஓஃப் பண்ணி, வந்த வழியால கிறுகி, சுத்திப் போற பாதையைத்தான் பிடிப்பாங்க. நெஞ்சை நிமித்திக்கொண்டு முன்னால போறவனை ஊருல வீரன் எண்டு சொல்றதில்ல. அதே கணக்குத்தான் இஞ்சயும். மரங்களுக்கு ஓரமா அவனைச் சுத்திப் போங்க, லெவல் ஏத்திட்டு வந்து மறுகா பாத்துக்கொள்ளலாம். இந்த கேம்ல பின்வாங்கினா ஒருத்தரும் மார்க்ஸ் வெட்டுறதில்ல.

அவனைத் தாண்டினா சேர்ச் ஒஃப் எல்லே எண்ட இடிஞ்ச கோயில். அங்க இருக்கிற வியாபாரி காலேயிட்ட 300 ரூனுக்கு (ரூன்தான் இந்த கேம்ல காசு) சாமான் செய்யிற கிராஃப்டிங் கிட் வாங்குங்க. அங்கால கேட்ஃப்ரன்ட் எண்ட இடத்தில மேப் ஒண்டு கிடைக்கும், கிரேஸ்ல இருந்தா மெலினா எண்ட பொம்பிளைப் பிள்ளை வந்து கதைப்பா, ஓம் சொல்லுங்க. அவ வந்த பிறகுதான் லெவல் ஏத்த ஏலும், டொரன்ட் எண்ட குதிரையும் தருவா. குதிரை கிடைச்ச பிறகு திரும்ப எல்லே கோயிலுக்கு ராவில போனா, தொப்பி போட்ட ஒரு பொம்பிளை மணி ஒண்டும் மூண்டு ஓநாய் ஆவியும் குடுப்பா, மணியை அடிச்சா ஓநாய் வந்து உங்களுக்காகச் சண்டை பிடிக்கும். இத விட்டுட்டு "பொஸ் (பெரிய எதிரி) கஷ்டம்" எண்டு அழுற ஆக்கள் கனக்க. எனக்கு ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

உருளுறது: இதுலதான் எல்லாம் இருக்கு

புதுசா வாற எல்லாரும் செய்யிற பிழை, எதிரி கை தூக்கின உடன உருளுறது. பயத்தில பட்டனை மூண்டு நாலு தரம் அமத்துவீங்க, ஆளும் மூண்டு தரம் உருண்டு ஸ்டெமினா எண்ட பச்சைக் கோடு முடிஞ்சு எழும்பி நிக்கிற நேரம் பாத்து அடி விழும்.

என்ட பெரியப்பா கல்லடி வாவியில வீச்சுவலை போடுவார். சின்ன வயசில கூடப் போனா எனக்குப் பொறுமை இல்லாம வரும், ஏனெண்டா அவர் வலையைக் கையில மடிச்சுக்கொண்டு இடுப்பளவு தண்ணியில நிண்டுகொண்டே இருப்பார், திரளி துள்ளுறது எனக்கே தெரியும், அவர் அசைய மாட்டார், அது இன்னும் கிட்ட வரணும். முந்தி விட்டா தண்ணிதான் வரும். உருளுறதும் அப்பிடித்தான். கை தூக்கிறதப் பாக்க வேணாம், கை இறங்கத் தொடங்குறதப் பாருங்க.

உருண்டுகொண்டிருக்கிற கொஞ்ச நேரத்துக்கு அடி உங்கள்ள படாது, ஊடால போயிரும். அதால பின்னுக்கு உருளாம அடி வாற பக்கத்துக்கோ பக்கவாட்டிலயோ உருளுங்க, முடிஞ்ச உடன அவன்ட முதுகுப் பக்கம் நிப்பீங்க. இன்னொரு சின்ன விசயம், பட்டனை அமத்தின உடன ஆள் உருளாது, விரலை எடுத்த பிறகுதான் உருளும், ஏனெண்டா அதையே அமத்திப் பிடிச்சா ஓடுறது. டக்கெண்டு தட்டி விடணும்.

பாரமும் பாருங்க. இரும்பு உடுப்பு வடிவா இருக்கெண்டு எல்லாத்தையும் போட்டா, தூக்கக்கூடிய பாரத்தில 70 வீதத்தைத் தாண்டினா நெல்லு மூட்டை உருளுற மாதிரித்தான் உருளுவீங்க. கழட்டுங்க.

உருள ஏலாட்டி வாகபொண்டுக்கு இன்னொரு வழி இருக்கு. கேடயத்தால அடியைத் தடுத்து, தடுத்த உடன பெரிய அடி பட்டனை அமத்தினா கார்ட் கவுண்டர் எண்டு பலமான ஒரு அடி போகும். எனக்கு முதல் இருபது மணித்தியாலமும் அதுதான் சோறு போட்டது.

ரூன், லெவல், வாள்

எதிரியைக் கொண்டா ரூன் வரும், அதுதான் காசு, அதுதான் லெவலும். செத்தா செத்த இடத்தில கிடக்கும், போய் எடுக்கலாம், எடுக்க முதல் திரும்ப செத்தா போனது போனதுதான். அழாதீங்க.

லெவல் ஏத்துறதுல முதல்ல விகர், அதாவது உயிரைக் கூட்டுறது. வேற ஒண்டும் இல்ல. 20 வரும்வரைக்கும் அதையே ஏத்துங்க, ரெண்டு அடியில சாகிற ஆளு அஞ்சு அடி தாங்கினாத்தான் எதிரி எப்பிடி அடிக்கிறான் எண்டு படிக்க நேரம் கிடைக்கும். பலம் வாளில இருந்து வரட்டும். லிம்கிரேவ் டனல்ஸ் எண்ட சுரங்கத்தில வாளைப் பலமாக்கிற ஸ்மிதிங் ஸ்டோன் பொறுக்கி, எல்லே கோயில்ல இருக்கிற பட்டறையில பிளஸ் 3 வரைக்கும் ஏத்தலாம்.

கவனம், ஏரிப் பக்கம் எரிஞ்ச இடிபாட்டுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு. திறந்தா புகை வந்து கேலிட் எண்ட நாசமாப் போன ஊர்ச் சுரங்கத்துக்குள்ள கொண்டுபோய்ப் போடும், வெளிய வரும்வரைக்கும் மேப்பால திரும்பி வரவும் ஏலாது. மருமகனுக்கு இத நான் வேணுமெண்டே சொல்லல்ல. அண்டைக்கு ராவு பதினொரு மணிக்கு கோல் வந்தது.

பொல்லுக்காரக் கிழவன்

கிரேஸ்ல இருந்து போற தங்கக் கோடு உங்கள நேரே கோட்டை வாசல்ல மார்கிட் எண்ட பொல்லுக்காரக் கிழவனிட்ட கொண்டுபோய் விடும். போகாதீங்க. தெற்கால பாலத்தைத் தாண்டினா வீப்பிங் பெனின்சுலா, அங்க எதிரியும் லேசு, மூண்டு தேவாலயத்தில மூண்டு சேக்ரட் டியர் இருக்கு, குப்பியில வாற உயிர் கூடும். அத முடிச்சு, விகரும் 20, வாளும் பிளஸ் 3 எண்டா கிறுகி வாங்க.

மார்கிட் பொல்லைப் பின்னுக்கு ஓங்குவான். ஓங்கி, அப்பிடியே வைச்சுக்கொண்டு நிப்பான். நீங்க உருளுவீங்க, அவன் இன்னும் நிப்பான், நீங்க எழும்புற நேரம் பொல்லு மண்டையில. அவனைச் செஞ்சவங்க பயந்து உருளுற ஆளுக்கெண்டே செஞ்சிருக்காங்க. முதல் அஞ்சு தரம் அடிக்கவே போகாதீங்க, சும்மா தப்பித் தப்பி அந்தக் கை எப்ப இறங்குது எண்டு மட்டும் பாருங்க. ஒரு தொடர் அடி முடிஞ்சா ஒண்டு, கூடிப்போனா ரெண்டு அடி போட்டுட்டு விலகுங்க, மூண்டாவதுக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லாரும் சாகிறது. குப்பியைத் தூரப் போய் குடிச்சாலும் வெளிச்சக் கத்தி எறிவான், அதால அவன் பொல்லை வீசி முடிச்ச கையோட குடிங்க.

ஓநாய்களைக் கூப்பிடுங்க, வாசல்ல ரோஜியர் எண்ட ஆள்ட தங்க எழுத்து கிடக்கும், அவரையும் கூப்பிடுங்க. ரோஷம் வேணாம். காசு இருந்தா மர்க்வோட்டர் குகையில பேச்சஸ் எண்ட கள்ளனிட்ட 5000 ரூனுக்கு ஒரு கைவிலங்கு விக்குது, பாவிச்சா மார்கிட் கொஞ்ச நேரம் தரையோட கிடப்பான். அரைவாசி உயிர் போன பிறகு வெளிச்சத்தால சுத்தியல் ஒண்டு எடுப்பான், அந்த நேரம்தான் இருக்கிற குப்பியெல்லாம் தேவைப்படும், முதல் பாதியில முடிச்சிராதீங்க.

மருமகன் போன வெள்ளிக்கிழமை அவனை முடிச்சிட்டான். உள்ளுக்குப் போனா கோட்டை வாசல் காவல்காரன் கோஸ்டொக், பெரிய கதவால போகாத, பக்கத்து ஓட்டையால போ எண்டு சொல்லுவான். அவன் சொல்ற வழி சரிதான், அதாலயே போங்க. ஆனா கோட்டைக்குள்ள நீங்க செத்தா உங்கட ரூன்ல கொஞ்சத்தைக் களவெடுக்கிறதும் அவன்தான்.