டார்வின் ஏறிய கட்டைவிரல் மலை: பஸ்ஸில் போய் நடந்தே திரும்புங்கள்

பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் கட்டைவிரல். மொரிஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸுக்குப் பின்னால் விரலை நிமிர்த்தி வைத்தது மாதிரி நிற்கிற லெ பூஸ் மலை 812 மீட்டர் உயரம். 1836 ஏப்ரல் 29ஆம் தேதி பீகிள் கப்பலில் மொரிஷியஸ் வந்து இறங்கிய சார்லஸ் டார்வின், மே 2ஆம் தேதி இதன் மேல் ஏறினார். அப்போது அவருக்கு 27 வயது.

நிறையப் பேர் மோக்கா பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஏறி, அதே வழியில் இறங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். காலையிலேயே போர்ட் லூயிஸ் விக்டோரியா சதுக்கத்தில் பஸ் பிடித்து செயின்ட் பியர் பக்கம் போங்கள். கண்டக்டரிடம் லெ பூஸ் ஏறப் போகிறோம் என்று சொன்னால் எங்கே இறங்குவது என்று சொல்வார். அங்கிருந்து மலையைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, நடந்தே போர்ட் லூயிஸ் வந்து சேர வேண்டும். புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிடுவதால் வட்டமும் முடிந்துவிடும், கார் எங்கே நிற்கிறது என்ற கவலையும் இல்லை.

இந்தத் திசையில்தான் நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தீவின் நடுவே பெரிய மேட்டுநிலம், அதைச் சுற்றி உடைந்து நிற்கும் பழைய எரிமலைப் பாறை மலைகள், அவற்றின் அடுக்குகள் எல்லாம் கடலை நோக்கிச் சரிகின்றன என்று டார்வின் எழுதினார். நடுவில் இருப்பது பின்னால் ஓடி வந்த எரிகுழம்பு. நீங்கள் தொடங்குவது அந்த மேட்டில். மலைத்தோளுக்கு, அதாவது உச்சிக்குக் கீழே இருக்கும் முகட்டுக்கு, வந்ததும் காலுக்குக் கீழே நிலம் சட்டென்று கடல் வரைக்கும் விழுகிறது. படித்தது அங்கேதான் உடம்புக்குப் புரியும்.

முதலில் கரும்பு வயல். ஓரங்களில் கருங்கல் குவியல்கள் இருக்கும், தாண்டிப் போய்விடாமல் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல் ஓட்டைகள்: எரிகுழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுக் குமிழிகள். இந்த மாதிரிக் கற்களைப் பொறுக்கி வயலைத் திருத்தியவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. 1834இல்தான் ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து ஆயுள் தண்டனையாக அனுப்பப்பட்ட சுமார் 800 கைதிகள் இங்கே பொதுப்பணி செய்ததையும், அவர்களில் வயதானவர்களின் வெண்தாடியையும், கண்ணில் இருந்த தீயையும் டார்வின் வியந்து எழுதியிருக்கிறார். அந்தக் குவியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

அப்புறம் சீனக் கொய்யாப் புதர். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், அந்த வேர்கள் சோப்பு மாதிரி வழுக்கும்; நான் ஒருமுறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். பிடிப்புள்ள ஷூ, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அவ்வளவு போதும். கடைசி உச்சிப் பகுதிக்குக் கையும் ஊன்ற வேண்டும், சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்கள் தோளிலேயே நின்றுகொள்ளலாம்.

உச்சியில் பக்கத்திலேயே தலையில் உருண்டைக் கல்லோடு பீட்டர் போத் மலை. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கடலில் அலை உடையும் வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள், அதுதான் பவளத்திட்டு. தீவு மெல்ல அமிழ்ந்தால் திட்டு கரையை விட்டு விலகி நிற்கும் என்பது டார்வின் கருத்து. மொரிஷியஸில் கரையை ஒட்டி இருப்பதால், 1842இல் வெளியான தன் பவளத்திட்டு நூலில் இதைக் கரையோரத் திட்டுக்கு உதாரணமாகக் காட்டினார்.

இறங்கும்போது தோள் வரை வந்து, அங்கே பிரியும் நகரத்துப் பக்கப் பாதையைப் பிடியுங்கள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு, புதர் மூடியிருக்கும், அதனால் தனியாகப் போகாதீர்கள், பிற்பகல் 3 மணிக்குள் கீழே வந்துவிடுங்கள். இறங்கி வரும் ஊர்ப்பகுதியின் பெயர் ட்ராங்கேபார். ஆமாம், நம் தரங்கம்பாடிக்கு ஐரோப்பியர் வைத்த அதே பெயர்தான்! அங்கிருந்து நகரத்துக்குள் நடந்து, முதலில் கண்ணில் படுகிற வண்டிக்கடையில் சூடாகக் காத்தோ பிமான் வாங்குங்கள், கடித்துப் பார்த்தால் அது நம் பருப்பு வடைதான்.